அல்பேட்டின் கிட்னியும் என் தள்ளாட்டமும்

கற்பிட்டி,
03.09.2013

அன்பு மச்சான் அல்பேட்,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? போனில் கதைத்தால் றுக்கியா கேட்டுவிடுவாள். கட்டியவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் கோபிக்காதே.

நீ தந்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது. கண்தான் சரியில்லை. வெளிச்சவீடு இரண்டாகத் தெரிகிறது. நடந்தால் தரை ஒரு பக்கம் சரிகிறது. வேடிக்கை என்னவென்றால், வள்ளத்தில் ஏறினால் வித்தியாசமே இல்லை. அங்கே எல்லோரும் ஆடுவதால் என் ஆட்டம் யாருக்கும் தெரிவதில்லை.

பள்ளிவாசலில் லத்தீப் சிரித்துக்கொண்டே, "அல்பேட்ட கிட்னியோட அவன்ட கள்ளும் வந்துட்டு போல!" என்றான். வெட்கம் தாங்கவில்லை. ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். உனக்கும் இப்படி ஆடுமா?

இப்போது வியாழன் இரவும் வெள்ளி காலையும் கிட்னிக்குத் தந்த மருந்துக் குளிசையை விட்டுவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறேன். கொஞ்சம் நேராக நடக்க முடிகிறது.

உன்
பதியுதீன்

சிலாபம்,
07.09.2013

அடேய் பதியுதீன்,

சிரித்துச் சிரித்து வாசித்தேன். குளிசையை விட்ட இடத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திப் பேனாவை எடுத்தேன்.

எனக்கு ஒன்றும் ஆடவில்லை. ஒப்பரேஷனுக்கு முதலே கள்ளை விட்டவன் நான். உன்னை ஆட்டுவது கிட்னியல்ல மச்சான், குளிசை. இரத்தத்தில் மருந்து கூடினால் தலை சுற்றும், கண் மங்கும், உடனே வந்து சொல்லுங்கள் என்று டொக்டர் என்னையும் வைத்துத்தானே சொன்னார்? குறைப்பது அவர்கள் வேலை. நீயாக விட்டால் உன் உடம்பு என் கிட்னியை அந்நியன் என்று விரட்டிவிடும். தருவதற்கு என்னிடம் இன்னொன்று இல்லை. பயமாக இருக்கிறதடா.

புதன்கிழமை கிளினிக்குக்கு நானே கூட்டிப்போகிறேன். றுக்கியாவிடம் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் கேற் வரை என் தோளைப் பிடித்து நட. சந்தேகப்படுகிறவர்கள் என் வாயை மணந்து பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் அறிய ஆசை. இரண்டு வெளிச்சவீட்டில் எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?

அல்பேட்

கற்பிட்டி,
21.09.2013

அன்பு மச்சான்,

நேரில் கேட்க மறந்துவிட்டாய். ஒரு கண்ணைப் பொத்துவேன். மிஞ்சுவதுதான் உண்மை.

கிளினிக்கில் குறைத்துத் தந்த குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். பெட்டி இப்போது றுக்கியாவின் கையில். அவள் ஏசியது தனிக் கதை.

நேற்று ஜும்ஆவுக்குத் தனியாகப் போனேன். வழியில் லத்தீப் காத்து நின்றான். போன வெள்ளி, தொழுகை முடியும்வரை நீ எனக்காக வெயிலில் நின்றதைப் பார்த்தவன். "வாங்க நானா" என்று அண்ணன் முறை சொல்லித் தோளைக் காட்டினான்.

ஆட்டம் எனக்கு முக்கால்வாசி நின்றுவிட்டது. இருந்தும் பிடித்துக்கொண்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்
பதியுதீன்