அந்த வீட்டு அம்மா

கல்லூரி ஏற்பாட்டில் ஜப்பானுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களைப் படித்துவிட்டு, சுகப்பிரியா முந்தாநாள்தான் அருப்புக்கோட்டை திரும்பியிருந்தாள். நேற்று அந்த வீட்டுக்காரம்மா வீடியோவில் வந்ததும், "ஒகாசான்" என்று குழைந்து கூப்பிட்டாள். அப்படியென்றால் என்ன என்று தங்கலட்சுமி கேட்டாள்.

"அம்மான்னு அர்த்தம்மா" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு தங்கலட்சுமி அவளோடு பேசவில்லை.

காலையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாளையம்பட்டிக்குப் போய்க் கடை திறக்க வேண்டும். தங்கலட்சுமி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்.

"பிரியா, ஹாட் பாக்ஸ்ல இட்லி இருக்கு. முள்ளங்கி சாம்பாருதான். இங்க முள்ளங்கின்னா மூக்கைப் பொத்துவ, அங்க அவுக குடுத்தா பச்சையாவே தின்னியாமே. அப்ப இதையும் தின்னு. கேஸ் சிலிண்டர் வரும், வாங்கி வை. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு சுபத்ரா அக்காட்ட குடு. நீ கொண்டாந்த டீத்தூளை நான் தொடலை. அவுக உனக்குக் குடுத்தது."

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். வந்த அன்று மகள் பேச்சுவாக்கில் சொன்னது உறுத்தியது. அங்கே காய்ச்சலில் கிடந்தபோது அந்தம்மா விடியவிடியத் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"காய்ச்சல்ல உன்னயப் பாத்துக்கிட்டதுக்கு நான் கும்பிட்டதா அவுகட்ட சொல்லு. ஆனா அம்மான்னு கூப்பிடுறதை நான் கடைக்குப் போனப்புறம் வச்சுக்க."