அவசரம் மட்டும் போகவில்லை

மார்ச் 4

அண்ணி மருத்துவமனையில் நர்ஸ். வார்டிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “உங்க ஆபீஸ் தூங்குதா? அவசரம்னு குறிச்சு அனுப்பின ரத்தத்துக்கு ரிசல்ட்டே வரல. லேபுக்கு ஃபோன் பண்ணினா, ‘எப்பவோ அனுப்பிட்டோமே’ங்கிறான். சும்மா பார்க்கிற சர்க்கரை அளவெல்லாம் டாண்ணு வந்துடுது!”

“கேட்வே பச்சையாத்தான் இருக்கு அண்ணி.”

“பச்சையா இருந்தா? அதை வச்சு ஊசி போடவா?”

அண்ணன் முழித்தான். அவனுக்கு விளக்கினேன்: லேபின் சர்வர்கள் ஒரு கூட்டம், மருத்துவமனையின் சர்வர்கள் இன்னொரு கூட்டம். நடுவில் இருக்கிற வாசல்தான் கேட்வே. ரத்த முடிவுகள் அதன் வழியாகத்தான் வார்டுக்குப் போக வேண்டும். அந்த வாசலைக் கண்காணிப்பது என் வேலை; திரையில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

“அப்ப நல்லா கண்காணி” என்றாள் அண்ணி.

மார்ச் 5

அண்ணி சொன்னது உண்மை. விளக்கு பச்சைதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் முடிவுகள் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கின்றன — அத்தனையும் அவசர முடிவுகள்! லேபில் மென்பொருளை மாற்றியபோது அவசரத்துக்கென்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையையும் உள்ளே விடு என்று கேட்வேயின் அமைப்பில் யாரும் சேர்க்கவில்லை. சாவகாசமாகப் போக வேண்டியதெல்லாம் பறக்கிறது; உயிர் போகிற விஷயம் வாசலில் நிற்கிறது. தேங்கினால் அலற வேண்டிய எச்சரிக்கை? அணைத்து வைத்திருக்கிறார்கள்.

சரியாயிடும் சாரிடம் ஓடினேன். (எங்கள் மேலாளர். எதைச் சொன்னாலும் அவர் சொல்கிற பதிலே அவருக்குப் பெயராகிவிட்டது.)

“எச்சரிக்கையை யார் சார் அணைச்சது?”

“நான்தான். சும்மா சும்மா கத்துச்சு. மாச அறிக்கைல சிவப்பு சிவப்பா வந்தா நமக்குத்தானே அசிங்கம்?”

“அமைப்பையாவது மாத்துங்க சார். அனுமதி உங்ககிட்டதான் இருக்கு.”

“அடுத்த வாரக் கூட்டத்துல பேசுவோம். சரியாயிடும்மா.”

வாசலில் நிற்பவள் நான், சாவி அவரிடம். அண்ணியைக் கூப்பிட்டு, அவசர முடிவையெல்லாம் ஃபோனிலேயே கேட்டு வாங்கச் சொன்னேன்.

மார்ச் 6

மறுபடி கேட்டேன். “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றார். இதுதானய்யா என் வேலை!

மார்ச் 9

நடந்துவிட்டது. அண்ணியின் வார்டில் ஒரு சலூன் கடைக்காரர், சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அந்த முடிவு எங்கள் வாசலில் நின்றது. அண்ணி லேபுக்கு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை. மதியம் அவர் இதயம் நின்றுபோனது. அண்ணிதான் நெஞ்சை அழுத்தி அழுத்தி மீட்டிருக்கிறாள். உயிர் இருக்கிறது. நினைவு திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன கொடுக்க?

மார்ச் 10

நான் போவதற்குள் அமைப்பு மாறியிருந்தது. தேங்கியதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. எச்சரிக்கையும் வேலை செய்கிறது.

“எப்ப சார் மாத்தினீங்க?”

“எதை? அது எப்பவுமே இப்படித்தானே இருக்கு?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறுவதை இன்றுதான் நேரில் பார்த்தேன்.

மார்ச் 11

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். ‘வந்த முடிவைக் கவனிக்கத் தவறினார்’ — வந்த முடிவாம்! எங்கேடா வந்தது? எப்போ வந்தது? யார் உயிரைக் காப்பாற்றினாளோ அவள் தலையிலேயே பழியா? அடப்பாவிகளா.

அண்ணன், “நீ எதுவும் பேசிடாத. ரெண்டு பேர் வேலையும் போச்சுன்னா என்ன பண்றது?” என்றான். அவன் பயம் அவனுக்கு. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ‘எனக்காகப் பேசு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 14

விசாரணை. தலைமை மருத்துவர் நடுவில், ஓரத்தில் அண்ணி. சரியாயிடும் சார் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. “கேட்வே அன்னிக்கு முழுக்கப் பச்சை மேடம். எங்க பக்கம் குறையே இல்ல.”

நான் எழுந்தேன். “மேடம், புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க இதே மாதிரி இன்னொரு கேட்வே இருக்கு. நிஜக் கேட்வேயோட நகல். இவர் நிஜத்தை மாத்தினார், நகலை மறந்துட்டார். அதுல ரெண்டு முடிவு அனுப்பிக் காட்டட்டுமா?”

“அதெல்லாம் தேவையில்லாத…” என்று ஆரம்பித்தார்.

“காட்டும்மா” என்றார் தலைமை மருத்துவர்.

சாதாரண முடிவை அனுப்பினேன். உடனே அந்தப் பக்கம் வந்தது. அவசரம் என்று குறித்து அடுத்ததை அனுப்பினேன். எல்லோரும் திரையைப் பார்த்தோம். வரவில்லை. விளக்கு மட்டும் பச்சையாகவே இருந்தது.

“இன்னும் கொஞ்சம் பொறுத்தா…” என்றார் எங்கள் சார்.

“எவ்வளவு நேரம் பொறுக்கணும்?” தலைமை மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார். “நோயாளிகிட்ட என்ன சொல்லட்டும், சரியாயிடும்னா?”



மார்ச் 15

சலூன் கடைக்காரர் கண் திறந்துவிட்டார்! பக்கத்தில் நின்ற இளம் டாக்டரை உற்றுப் பார்த்து, “யாருங்க உங்களுக்கு முடி வெட்டினது?” என்று கேட்டாராம். அண்ணி சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

மார்ச் 24

அண்ணிக்கு ஆணை வந்தது: ‘மீண்டும் பணியில் சேரலாம்.’ சேரலாமாம்! வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை? கிடையாது. சாருக்கு ‘வேறு பொறுப்பு’. எனக்கு மாற்றல் — மேலிடத்தோடு ஒத்துப்போகாதவளாம். மருத்துவமனையின் கீழ்த்தளத்து சர்வர் அறைக்கு. தண்டனை கொடுத்தார்களே, காரணத்தையாவது ஒழுங்காக எழுதக் கூடாதா?

ஏப்ரல் 3

புது இடத்தில் முதல் நாள். அண்ணிக்கும் காலை ஷிஃப்ட். இத்தனை வருஷம் ஒரே வீட்டிலிருந்து ஆளுக்கொரு திசையில் கிளம்பியவர்கள், இன்று ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

“கீழ்த்தளத்துல வெயிலே வராது. இப்பவே நல்லா பார்த்துக்கோ” என்றாள்.