பந்தாட்டத்தில் கேள்வி கேட்டவர்

பொகவந்தலாவை, இலங்கை
9.10.1955

அன்புள்ள மீனம்மாவுக்கு,

நானும் நம் மகள் பாக்கியமும் நல்ல சுகம். மாமாவுக்கு மூச்சிரைப்பு தணிந்ததா? அத்தையை நான் கேட்டதாகச் சொல்லு.

போன ஞாயிறு பாக்கியத்தை ஹட்டனுக்குப் பந்தாட்டம் பார்க்கக் கூட்டிப் போனேன். நம் தேயிலைத் தோட்டத்து அணி அதில் ஜெயித்தால் இறுதி ஆட்டத்துக்குப் போகும். பக்கத்திலிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் அவளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்து, "ஒங்கம்மா வரலியா பாப்பா?" என்றார்.

"அம்மா இந்தியாவுல. திரும்பி வர விசா கெடைக்கல," என்று ஒப்பித்துவிட்டாள்.

கள்ளத்தோணியில் வந்தவர்களைப் பிடிக்கிற போலீஸ்காரர்கள் இப்படித்தான் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பார்களாம். "எந்தத் தோட்டமுங்க?" என்று என்னையும் கேட்டார். கந்தப்பளை என்று பொய் சொல்லி, ஆட்டம் முடியுமுன்பே அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் நம் ஆட்கள் கோல் போட்ட சத்தம் கேட்டது. பாக்கியம் அழுதாள்.

அவர் பஸ் வரை ஓடிவந்தார். "பயப்படாதீங்கண்ணே. எம் பொஞ்சாதி அழகம்மாவும் முசிறியில மாட்டிக்கிட்டா. ஒங்களுக்கு எதாச்சும் வழி தெரியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

கண் கலங்கியிருந்தார். அதுவும் நடிப்போ என்று பயந்தேன். பஸ் ஏறிவிட்டேன்.

நம் ஆட்கள் ஜெயித்துவிட்டார்கள். பாக்கியத்துக்குச் சடை பின்ன எனக்கு வரவில்லை, எப்படியென்று எழுது. முசிறி உனக்குப் பக்கம்தானே? அப்படி ஒரு அழகம்மா இருக்கிறாளா என்றும் விசாரி. இருந்தால், அடுத்த மாத இறுதி ஆட்டத்தில் அவரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

தபால் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

நல்லமுத்து