மீட்டர் அறுபது, ஜிபிஎஸ் அறுபத்திரண்டு

ஜூன் 9, செவ்வாய்

வெயில் தாங்கலை. ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டியாச்சு, நாலும். புதுக்கோட்டை கடையில அரை நாள் போச்சு. சைஸ் தேவி சொன்னது. யூடியூப்ல பார்த்தாளாம். வண்டி ரெண்டு விரல் உயர்ந்து நிக்குது. அரிமளம் கடைவீதியில நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

எதுக்கு மாத்தினேன்? இங்க எழுதலாம். தேவியோட அத்தை மகன் சேகர், சிங்கப்பூர்லேர்ந்து லீவு. போன வாரம் மணமேல்குடியிலேர்ந்து பெரிய டயர் ஜீப்புல வந்து இறங்கினார். அவளை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு. திரும்பி வந்து, "அத்தான் வண்டியில பள்ளமே தெரியலைங்க."

அவர் அத்தான். நான் 'என்னங்க'. கல்யாணமாகிப் பதினோரு வருசம்.

முதல்ல தேவியை அவருக்குத்தான் பேசியிருந்தாங்க. ஏன் நின்னுச்சுன்னு யாரும் சொன்னதில்லை. அவர் வேணாம்னுட்டார், அதான் அவ எனக்கு வந்தான்னு நானா நினைச்சுக்கிட்டது.

ஜூன் 11, வியாழன்

நட்டு திரும்ப முடுக்கணும். காத்து. கரண்ட் பில்.

டயர் கடைக்காரர் போன்ல: "டயர் பெருசானா மீட்டர் கம்மியாக் காட்டும் சார். ஒரு சுத்துக்குக் கூடுதலா ஓடும்ல. ஜிபிஎஸ் வச்சுப் பாத்துக்கங்க."

சேகருக்கு இன்னும் முடி கொட்டலை. எனக்கு முன்பக்கம் போயிடுச்சு.

ஜூன் 14, ஞாயிறு

காலையில மேகம். ஊருக்கு வெளியே நேரான ரோடு. நான் ஓட்ட, பக்கத்துல தேவி அவ போன்ல ஜிபிஎஸ் பார்த்து வாசிச்சா.

மீ. 40 – ஜி. 41
மீ. 60 – ஜி. 62

அதோட நிறுத்திட்டா. மெசேஜ் வந்திருக்கு.

"யாரு?"

"அத்தான்."

"என்னவாம்?"

கொஞ்சம் யோசிச்சுட்டுப் படிச்சா. 'நான் சொன்ன சைஸ் சரியா உக்காந்துச்சா?'

யூடியூப் இல்லை. மிதிச்சேன். மீட்டர் 80. அவ எண்ணைச் சொல்லலை, "மெதுவாப் போங்க"ன்னா. ஓரங்கட்டினேன்.

"அவர்ட்ட ஏன் கேட்ட?"

"அவர் வந்துட்டுப் போனதுலேர்ந்து நீங்க சரியாச் சாப்பிடலை. டயர் பத்தித் தெரிஞ்சவர்னு கேட்டேன். அவர் சொன்னதுன்னா நீங்க மாட்ட மாட்டீங்க."

"அவரையே கட்டியிருக்கலாம்."

"கட்டமாட்டேன்னதே நான்தாங்க." ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

ஏன்னு கேக்க வாய் வரலை. திரும்பும்போது மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மீ. 80 – ஜி. 83.

ஜூன் 16, செவ்வாய்

சேகர் கிளம்பிட்டார். அவர் ஜீப் சர்வீஸ்ல. புதுக்கோட்டை வரைக்கும் பஸ்ல வந்தார், அங்கேர்ந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டி. நானே வலியப் போய்க் கூப்பிட்டது. தேவி வரலை. முறுக்குப் பொட்டலம் கொடுத்து விட்டா. அந்தப் பொட்டலமும் உறுத்துச்சு.

கீரனூர் தாண்டி, "மீட்டர் எவ்வளவு தம்பி வித்தியாசம்?"

"அறுபதுக்கு ரெண்டுண்ணே."

"பரவாயில்லையே. எனக்கு அஞ்சு."

அதுல ஒரு சந்தோசம் எனக்கு. வெக்கமாத்தான் இருக்கு.

ஏர்போர்ட் வாசல்ல பெட்டியை இறக்கினதும் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அப்ப தேவி என்னைய வேணாம்னுட்டா. காரணமே சொல்லலை. ஒங்கள்ட்ட எதுவும் சொல்லியிருக்கா?"

"சொல்லியிருக்கா"ன்னேன்.

என்னன்னு அவர் கேக்கலை. தலையை ஆட்டிட்டு டிராலியைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டார்.