உவர்க்கிணற்றில் வெளிமான்

வெயில் நம் குடைக்குக் கீழ்ப்படிக. அலை நம் காலடியில் அடங்குக. உப்பளங்கள் அனைத்திற்கும் உரியவன், பகைவர் முடி பறித்த உவரிக்கோன் பெருஞ்சாத்தன், வெள்ளருவிக் கோட்டையை ஆளும் தங்கை எயினிக்கு விடுக்கும் ஓலை. உன் மலையில் மழை பொய்யாதிருக்க. நீ இதைப் படித்து முடிக்கும்வரையேனும் உன் மதில் நிற்க.

உன் கணவன் வெளிமான் நம்மிடம் தூதனாய் வந்தான். நம் இலையில் உண்டான். உண்ட கையை அவன் கழுவுமுன் விலங்கிட்டோம். மலையடியிலிருந்து உன் கோட்டைக்குள் மண்ணுக்கடியே மறைவாய் ஏறும் சுருங்கைவழி எது என்று கேட்டோம். அது மனைவிக்கு மட்டுமே தெரியுமென்றும், தானும் தலைவாயிலில் காத்து நிற்பவனே என்றும் சொல்லிச் சிரித்தான். நம் அவையும் சிரித்தது. அது பொறுக்காமல் அவனை உப்பளத்தின் நடுவே, நிழலின்றி, நீரின்றி நிறுத்தினோம்.

அவன் எப்போது தளர்வான் எனக் கணிக்க அரண்மனை மருத்துவன் அழிசியை அருகே இருத்தினோம். நண்பகலில் வெளிமானின் மேனியெங்கும் வியர்வை வழிந்தது. அது காற்றில் உலர்ந்து உட்சூட்டை வாங்கிக்கொண்டது. மாலைக்குள் சிறுநீர் சில துளிகளாய், அடர்மஞ்சளாய் இறங்கியது. இருக்கும் நீரை உடம்பு விடாமல் பிடித்துக்கொண்டது. அழிசி அவன் அக்குளில் கைவைத்துப் பார்த்து, காலையில் இருந்த சூடே இப்போதும் இருக்கிறது என்றான். வாய் மறுத்தது போதாதென்று ஊனும் நம் ஆணையை மறுப்பதா என வெகுண்டு, நிலவறையில் உள்ள உவர்க்கிணற்றில் அவனைக் கழுத்தளவு இறக்கினோம்.

மயிர் சிலிர்த்தது, பற்கள் மோதின, தசையெல்லாம் நடுங்கி நடுங்கித் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டன. விரல்கள் வெளுத்து நீலம் பாய்ந்தன. குருதி ஏன் விரலை விட்டு ஓடுகிறது என்று கேட்டோம்.

"பல்லி கல்லோடு காயும், கல்லோடு குளிரும், கோவே. தாய்ப்பால் குடித்த உயிர் அப்படியன்று. உள்ளே ஒரே சூட்டில் நிற்கும். நெஞ்சுக்காக விரலையும் விட்டுக்கொடுக்கும். தாங்கும் மட்டும் தாங்கும். பிறகு ஒரேயடியாய் விழும். மேலே தூக்கச் சொல்லுங்கள்" என்றான் அழிசி.

தூக்கவில்லை. அவன் தானே கிணற்றில் இறங்கி வெளிமானைத் தழுவிக்கொண்டான். இழுத்து வரவா என்று சேவகர் கேட்டனர், இருக்கட்டும் என்றோம். அழிசி முதியவன், மெலிந்தவன். அவன் நடுக்கமே முதலில் நின்றது. குளிர் பழகிவிட்டது போலும் எனச் சேவகர் எண்ணினர். கைக்குள் இருந்தவன் கனப்பதை வெளிமான் அறிந்து அழுதான். அப்போதும் வழி சொல்லவில்லை. "அவருக்கு நெருப்பு மூட்டுங்கள்" என்று மட்டும் கேட்டான். மறுநாள் மூட்டினோம், சுடுகாட்டில்.

உன் கணவனை அவ்விரவே வெளியே எடுத்து, கம்பளி போர்த்தி, கஞ்சி புகட்டினோம். இதை இரக்கம் என்று எண்ணாதே. செத்தவனைக் காட்டி உன்னை மலையிறக்க முடியாது.

சுறாப்பொறி முத்திரை இட்டு நாம் விதிக்கும் ஆணை இது: ஓலை கண்டவுடன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, பல்லக்கின்றி, படையின்றி, கால்நடையாய் நீ இறங்கி வருக. மலைப்பாதையின் வளைவுதோறும் நம் ஒற்றர் புகையெழுப்பி உன் வரவை அறிவிப்பர். நீ நடக்கும்வரை அவனுக்கு நீரும் நெருப்பும் உண்டு. நீ நின்றால், அவையும் நிற்கும்.