மூன்று மில்லிமீட்டர் தோல்

மார்ச் 7, சனி

நூலக மாடியில் ஸ்டெம் செல் பற்றிக் கூட்டம், உடம்பின் எந்தப் பாகமாகவும் வளரக்கூடிய செல்லாம். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்து பொதுமக்களுக்கு விளக்குகிறார்கள் என்று நோட்டீஸ் பார்த்ததும் மனைவியை அழைத்துப் போனேன், ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு. போய்ப் பார்த்தால் பாதிப் பேர் மடியில் அதே மாதிரிப் பை.

ஆராய்ச்சிக்காரப் பெண் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டது. "இது சிகிச்சை முகாம் இல்லைங்க. ஆராய்ச்சி. மருந்தா வர இன்னும் பல வருஷம் ஆகும்." நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஒருவர், "கருவை அழிச்சுத்தானே இந்தச் செல்லை எடுக்குறீங்க?" என்று சண்டைக்கு வந்தார். "பெரியவங்க தோல்ல இருந்தும் உண்டாக்கலாம்" என்று பொறுமையாகத்தான் சொன்னது.

நான் லிஃப்ட் மெக்கானிக். பழுதான பாகத்தைக் கழற்று, புதுசைப் போடு. இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. இவளுக்குக் கை கால் நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது. மாற்ற ஒன்றும் இல்லையாம். இதற்கு ஒரு கூட்டம், மைக், பிஸ்கட்.

இவள் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள்.

மார்ச் 19, வியாழன்

நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, வாடகைக் காரில் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்த் தோல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முழங்கைக்கு மேலே மூன்று மில்லிமீட்டர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதனால உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அதுல இருந்து என் நரம்பு செல்லை வளர்த்து, நோய் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்ப்பாங்களாம்."

"நீ என்ன, எலியா?" என்று கேட்டுவிட்டேன்.

"எலியை விட நல்லா ஒத்துழைப்பேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் பிழைக்க வேண்டும். பிற்பாடு எவனோ பிழைத்தால் எனக்கு என்ன?

மார்ச் 22, ஞாயிறு

மூன்று நாளாகப் பேசவில்லை. பொத்தான் போட்டுவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். பேச்சு மட்டும் கிடையாது.

ஜூன் 30, செவ்வாய்

நாக்கு குழறுகிறது. இன்று முழுக்க அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது நாலு வார்த்தை. மார்ச்சில் எவ்வளவு தெளிவாகப் பேசினாள்! அப்போது பாவி நான் வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் — இப்போது யாரிடம் போய்க் கேட்பேன் அந்த மூன்று நாளை?

ஆகஸ்ட் 19, புதன்

காலை பத்து மணிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 9, செவ்வாய்

ஆராய்ச்சிக் கூடத்துக் கடிதம். அவள் தோலிலிருந்து நரம்பு செல்கள் வளர்ந்துவிட்டனவாம். தனக்குப் பிறகு ஆராய்ச்சி தொடரலாமா, நிறுத்தலாமா என்பதை என் கணவர் சொல்லட்டும் என்று தோல் கொடுத்த அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.

மச்சினியிடம் சொன்னேன். "இப்பவாவது அக்காவை நிம்மதியா விடுங்க மாமா. அது எவன் எவன் கைக்குப் போகுமோ" என்று அழுதாள். ஞாயம்தானே? நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 20, சனி

ஆராய்ச்சிக் கூடத்தைப் பொதுமக்கள் சுற்றிப்பார்க்கத் திறந்துவிட்ட நாளாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், "மனுஷனையே பாட்டில்ல வளர்க்குறாங்களாம்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன்.

நூலகக் கூட்டத்துக்கு வந்த அதே பெண்தான். என்னைத் தனியாக உள்ளே கூட்டிப் போய் மைக்ரோஸ்கோப்பில் காட்டியது. நூல் நூலாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

"உயிரோட இருக்காம்மா?"

"இருக்குங்க."

கண்ணை எடுக்க மனசு வரவில்லை. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னது. "நோய் இல்லாதவங்க செல் நல்லா இருக்குங்க. இது மட்டும் ஆறாவது வாரத்துல செத்துடுது. உங்க வீட்டு அம்மாவுக்கு நடந்ததேதான். எப்படிச் சாகுதுன்னு பார்த்தாத்தான் தடுக்க வழி கிடைக்கும்."

"அப்புறம்?"

"திரும்ப வளர்ப்போம்."

"திரும்பச் சாகுமா?"

தலையை ஆட்டியது.

"எத்தனை தடவைம்மா?"

நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 1, திங்கள்

'தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்குச் சம்மதம் இல்லை. அவளுக்கு இருந்தது. மச்சினி பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாள்.

புதிதாக வளர்ப்பதை இன்றைக்கே ஆரம்பிக்கிறார்களாம்.

ஏப்ரல் 12, திங்கள்

அவள் செல்லுக்கு இன்றோடு ஆறு வாரம் ஆகிறது. காலையில் வேலைக்குப் போனேன். ஒரே போல்ட்டை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். மேலாளரிடம் லீவு கேட்டேன். என்ன விஷயம் என்றார்.

"வீட்டம்மாவுக்கு முடியலை சார்."

வாயில் வந்துவிட்டது. அவளை எடுத்த அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"போய்ப் பக்கத்துல இருங்க" என்றார்.