காலியில்லாத கட்டங்கள்

ஜூன் 4
காலை 8.30. மழை 0.0.

வானிலைத் திட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏழை நாடுகளுக்கு வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் திட்டமாம். ஏழை என்று நம்மைச் சொல்வது போதாதென்று அவள் கொண்டுவந்த கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழைகள். சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். முகம் சுண்டிப்போயிற்று. எனக்கென்ன?

அவளுக்கு வேண்டியது என் மழை நோட்டுகள். தோட்டத்து மழைமானியில் சேரும் நீரைத் தினமும் காலையில் நானே குடுவையில் ஊற்றி அளந்து எழுதியவை. நாற்பத்தோரு வருடம். "இந்தப் பக்கத்துல இவ்வளவு நீளமான பதிவு வேற எதுவுமே இல்ல மேடம். ஒரு கட்டம்கூடக் காலியா இல்லையே!"

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் காலி இடம் விட்டவர்கள் முட்டி போட்டார்கள். நான் போட்டதே இல்லை.

ஜூன் 5
12.4. சமையற்காரி இன்றும் தாமதம்.

ஜூன் 11
0.6.

அந்தப் பெண் மறுபடி வந்து விளக்கினாள். பழைய காற்றையும் பழைய மழையையும் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பார்களாம். அதே மாதிரிக் காற்று வந்தால் எவ்வளவு மழை என்று அது சொல்லும். அதிகமென்றால் பள்ளத் தெருவில் உள்ளவர்களுக்குக் கிளம்பச் சொல்லிச் செய்தி போகும்.

பள்ளத் தெரு சமையற்காரியின் தெரு. தட்டோடு நின்றவள் மூக்கை நுழைத்தாள். "பதினாறு வருஷம் முன்னாடி ஜன்னல் வரைக்கும் தண்ணி வந்துச்சும்மா. ஐயா ஆஸ்பத்திரியில கிடந்தாரே, அந்த வாரம்."

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். "அந்த வாரத்துல அதிகபட்சமே பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே மேடம்? நீங்கதான் அளந்தீங்களா?"

"அது என் கையெழுத்து" என்றேன். சமையற்காரியிடம், "உங்க தெருவுல சாக்கடை அடைச்சாலே வெள்ளம்தான்" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். சமையற்காரியும் சிரித்தாள், தட்டைத் துடைத்துக்கொண்டே.

"அப்போ அந்தக் காத்துக்குக் கம்ப்யூட்டரும் பன்னிரண்டுதான் சொல்லும்" என்றாள் அந்தப் பெண்.

ஜூன் 12
3.0.

அவர் சாகப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மழைமானி வழிந்துகொண்டிருந்தது. நோட்டில் பதினோரு கட்டம் காலி. அழ உட்காரும் முன் அவற்றை நிரப்பினேன் — 4, 0, 7, 12 என்று வாய்க்கு வந்தபடி. பக்கம் பார்க்க அழகாக இருந்தது.

சொல்லிவிடலாமா? யாரிடம்? அந்த எழுத்துப்பிழைக்காரியிடமா?

ஜூலை 2
0.0. 'இடைவிடாத, பிழையற்ற பதிவுக்கு' என்று சான்றிதழ் வந்தது. அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு விரற்கடை மேலே.

ஆகஸ்ட் 19
1.2.

மாலையில் வானம் கறுத்தது. "காத்து அன்னைக்கு மாதிரியே அடிக்குதும்மா. ஆட்டோ வச்சு அவரை நாத்தனார் வீட்டுக்குக் கொண்டு போயிடட்டுமா? அது மேட்டுல இருக்கு." சமையற்காரியின் புருஷன் இரண்டு வருடமாகப் படுக்கை. போனை நீட்டிப் படிக்கச் சொன்னாள். படித்தேன்: லேசான மழை, 10 முதல் 15 மில்லிமீட்டர்.

"உங்க நோட்டை வச்சுத்தானே சொல்லுது?"

"ஆமாம்."

வாய் வரை வந்தது. விழுங்கினேன். "பயந்தாங்கொள்ளி. பாத்திரத்தைத் துலக்கிட்டுப் போ."

ஆகஸ்ட் 20
காலை 8.30. இருபது மில்லிமீட்டர் குடுவை பத்து முறை நிரம்பியது. பதினோராவது முறை 14.6. மொத்தம் 214.6.

சமையற்காரி வரவில்லை.

ஆகஸ்ட் 26
0.0.

வந்தாள். குடையை எடுத்துப்போக. புருஷனைத் தூக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. "நீ போடின்னாரும்மா. கட்டில்லயே விட்டுட்டுப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறிட்டேன்."

நாற்காலியைக் காட்டினேன். இருபது வருடத்தில் முதல் தடவை. அவள் உட்காரவில்லை.

"உங்க மேல என்னம்மா தப்பு? அதுல இருந்ததைத்தானே படிச்சீங்க."

ஏண்டி அப்படிச் சொன்னே? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா — நல்லா, வாய் நிறைய —

ஆகஸ்ட் 28
0.0.

அந்தப் பெண் போன் செய்தாள். "மேடம், நீங்க அனுப்பின 214-ஐக் கம்ப்யூட்டர் ஏத்துக்கல. உங்க பழைய பதிவோட ஒத்துவரலையாம். கை தவறி எழுதிட்டீங்களா? எடுத்துடட்டுமா?"

"அதை எடுக்காதே. எடுக்க வேண்டியது வேற பதினோரு நாள் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?"

"இல்லை."

"எப்படி நம்பறது?"

செப்டம்பர் 6
2.2. சமையற்காரிக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலும். காலையில் வாசல் கேட்டில், அவளிடம் இருந்த என் வீட்டுச் சாவி தொங்கியது. மணியை அவள் அடிக்கவில்லை.

அக்டோபர் 3
திட்டத்திலிருந்து கடிதம். நாற்பத்தோரு வருடப் பதிவையும் நீக்கிவிட்டார்கள். பள்ளத் தெருவில், அவள் வீடு இருந்த இடத்தில், தானே அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். இனி நான் எதுவும் அனுப்பத் தேவையில்லை.

சிவப்புப் பேனாவோடு இரண்டு முறை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

காலை 8.30. மழை 6.8.